பேய்க்கதைக்காரரின் பகல் பொழுது

தமிழ்ப் பேய்க்கதைகளில் பேய் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் அதன் கொலுசு காதுக்குக் கேட்டுவிடும். மாடிப்படியிலோ, பூட்டிய அறைக்குள்ளோ, கிணற்றடியிலோ சல் சல் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் மல்லிகைப்பூ வாசம், வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல் எல்லாம். மாத நாவலில் தொடங்கி சினிமா, டிவி சீரியல் வரைக்கும் இந்த வரிசை பெரிதாக மாறவில்லை. அந்தக் கொலுசைச் செய்து ஊர் ஊராக அனுப்பும் இடங்களில் முக்கியமானது சேலத்தில் உள்ள எங்கள் செவ்வாய்ப்பேட்டை. லீ பஜாரின் பருப்பு மண்டி, அரிசி மண்டிகளைத் தாண்டி உள்தெருக்களுக்குள் நுழைந்தால், குடியிருக்கும் வீட்டோடு ஒட்டியே வெள்ளிப் பட்டறை இருக்கும்.

வெள்ளியை உருக்கி, கம்பியாக இழுத்து, கம்பியைச் சங்கிலியாகப் பின்னி, பொடி வைத்து ஊதிப் பற்றவைத்து, முத்து கோத்து, மெருகு போட்டு முடிக்கிறார்கள். எல்லா வேலையையும் ஒரே ஆள் செய்வதில்லை. கம்பி ஒருவர் கையில், பற்றவைப்பு இன்னொருவர் கையில், மெருகு வேறொரு பட்டறையில். முத்துகளை நெருக்கி வைத்தால் சத்தம் அடைபட்டுப் போகும். கொஞ்சம் தள்ளி வைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும். புதுக் கொலுசு கணீரென்று ஒலிக்கும், வருஷக்கணக்கில் தேய்ந்த கொலுசின் சத்தம் தணிந்துபோயிருக்கும். ஒரு காலில் மட்டும் முத்து உதிர்ந்திருந்தால் ஓர் அடி கேட்கும், அடுத்த அடி கேட்காது.

அந்தக் கடைசி வாக்கியத்தை ஒரு பேய்க்கதைக்குள் வைத்துப் பாருங்கள். இருட்டில் ஓர் அடி கேட்கிறது, அடுத்த அடி கேட்கவில்லை, மறுபடி ஒன்று கேட்கிறது. வெள்ளைச் சேலையும் வேண்டாம், விரித்த கூந்தலும் வேண்டாம். பகலில் பட்டறை வாசலில் உட்கார்ந்து கவனித்த ஆளுக்குத்தான் இப்படி ஒரு வரி கிடைக்கும். திகில் எழுதுகிறவரின் அன்றாடம் எப்படிப்பட்டது, அவருடைய ஆசைகள் எவை, அவர் எங்கிருந்து சரக்கு எடுக்கிறார் என்ற கேள்வியை இந்த ஊரிலிருந்து கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியதற்கு இதுதான் காரணம். நல்ல பேய்க்கதை நடுராத்திரியில் பிறப்பதில்லை. அது பகல் நேரத்துக் கவனத்தில் பிறக்கிறது. தமிழில் இந்த வகைக் கதைகளை எழுதியவர்களைப் பற்றி நாம் விசாரிக்காமல் விட்டதெல்லாம் அவர்களுடைய பகல் பொழுதைத்தான்.

கேள்வியை இங்கிருந்து தொடங்க இன்னொரு நியாயமும் உண்டு. தமிழ் அமானுஷ்யக் கதையை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்த இந்திரா சௌந்தர்ராஜன் பிறந்த ஊர் சேலம். 1958 நவம்பர் 13-இல் பிறந்தவர், வாழ்ந்தது மதுரையில். 2024 நவம்பர் 10-ஆம் தேதி காலமானார். அவருடைய சொந்தப் பெயர் சௌந்தர்ராஜன். முன்னால் உள்ள இந்திரா அவருடைய அம்மாவின் பெயர். முந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்கள், அதற்கு மேல் சிறுகதைகள், பத்திரிகைத் தொடர்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று நாவல் வந்துகொண்டிருந்த காலமும் அவருக்கு உண்டு.

1990-களின் பிற்பகுதியில் சன் டிவியில் 'மர்மதேசம்' ஓடியபோது, அந்த நேரத்துக்குத் தெருவே அடங்கியிருந்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, இயக்கம் நாகா. 'ரகசியமாய் ஒரு ரகசியம்' என்ற நாவல் 'ரகசியம்' ஆனது. 'விட்டுவிடு கருப்பா' என்ற நாவல் 'விடாது கருப்பு' ஆனது. அதில் வரும் குதிரையின் குளம்புச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் போர்வையை இழுத்துக்கொண்ட காலம் அது.

'விடாது கருப்பு' நம் கேள்விக்கு மிகவும் உதவும் கதை. ஊர்க்காவல் தெய்வமான கருப்புசாமி தப்புச் செய்தவர்களைத் தண்டிக்கிறதா, அல்லது அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு மனிதக் கை வேலை செய்கிறதா என்பதுதான் முடிச்சு. ஒரு பக்கம் ஊரின் நம்பிக்கை, மறுபக்கம் மனநல மருத்துவத்தின் விளக்கம். இரண்டையும் தராசின் இரண்டு தட்டில் வைத்து, கடைசிவரை முள்ளை ஆடவிட்டுக்கொண்டே இருந்தார் சௌந்தர்ராஜன். இது சுலபமான வேலையில்லை. சாமியாடியின் பேச்சும் தெரிந்திருக்க வேண்டும், டாக்டரின் பேச்சும் தெரிந்திருக்க வேண்டும். கொடைவிழாவில் எதற்குப் பின் எது நடக்கும் என்பதில் ஒரு தப்பு நேர்ந்தாலும் கிராமத்து வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். அவருடைய கதைகள் பல, தமிழ்நாட்டில் ஆங்காங்கே நடந்ததாகச் சொல்லப்பட்ட சம்பவங்களை அடியாகக் கொண்டவை. சித்தர்கள், நவபாஷாணம், மலைக்கோயில்கள், ஏட்டுச்சுவடி, மறுபிறவி என்று அவர் மனம் போன திசைகளைப் பார்த்தால், எழுத்து மேசையைவிடக் கோயில் பிராகாரத்தில் அவர் கழித்த நேரம் அதிகமோ என்று தோன்றும். பிற்காலத்தில் ஆன்மிகச் சொற்பொழிவாளராகவும் அவர் அறியப்பட்டதில் ஆச்சரியமில்லை. அவரைப் பொறுத்தவரை பக்தியும் திகிலும் ஒரே வீட்டின் இரண்டு அறைகளாகவே இருந்தன.

இதைக் குறையாகச் சொல்லும் விமர்சகர்கள் உண்டு. மூடநம்பிக்கைக்குத் தீனி போட்டார் என்பார்கள். அந்தக் குற்றச்சாட்டை நான் முழுதாக ஏற்கவில்லை, தள்ளியும் விடவில்லை. தொடர்கள் பெருகப் பெருக, பின்னாளில் தராசின் முள் நம்பிக்கைப் பக்கமே சாய்ந்து நின்றுவிட்டது என்பது உண்மை. அவருடைய மிகச் சிறந்த கதைகளில் முள் ஆடிக்கொண்டிருக்கிறது என்பதும் அதே அளவு உண்மை.

சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்தவருக்கு இந்த ருசி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போக வேண்டியதில்லை. திகிலுக்கு இந்த மண்ணில் பஞ்சமே இருந்ததில்லை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஒரு பாவை இருந்ததாகச் சங்கப் பாடல்கள் மறுபடி மறுபடி சொல்கின்றன. தெய்வம் செய்துவைத்த பாவை. அழகால் ஆட்களை இழுத்து, சிரித்தே கொல்லும் என்பது அதைப் பற்றி வழிவழியாக வரும் கதை. ஒரு பெண்ணின் அழகைச் சொல்ல வந்த புலவர்கள் உவமைக்கு அந்தக் கொலைகாரப் பாவையைக் கூப்பிட்டார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது. அழகும் சாவும் ஒரே முகத்தில் இருப்பதுதான் பிற்காலத்து மோகினிக் கதைகளுக்கெல்லாம் அடிப்படை.

மாசி மாதம் மகாசிவராத்திரியை ஒட்டி வரும் மயானக் கொள்ளையின்போது, சேலத்து அங்காளம்மன் கோயில்களிலிருந்து காளி வேடமிட்டவர்கள் ஊர்வலமாகக் காக்காயன் சுடுகாட்டுக்குப் போவார்கள். கோழியைக் கடித்துக்கொண்டு ஆவேசத்தோடு வரும் அந்த ஊர்வலத்தைத் தகப்பன் தோளில் உட்கார்ந்து பார்த்த குழந்தைக்குத் திகில் என்பது வீட்டுச் சமாசாரம். ஆடி மாதம் பக்கத்தில் குகை என்ற பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கை இதற்கு நேர்மாறு. அலங்கரித்த வண்டிகளில் சாமியும் அசுரனுமாக வேடம் கட்டியவர்கள் அசையாமல் நிற்பார்கள். இமைக்காத அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே நின்றால், அது நம் தெருக்காரர்தானா என்று ஒரு கணம் சந்தேகம் வரும். அந்த ஒரு கணத்தை நீட்டித் தரத் தெரிந்தவரைத்தான் திகில் எழுத்தாளர் என்கிறோம்.

சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று ஒரு சாமி. முனியப்பன் என்றாலே இந்தப் பக்கத்தில் உக்கிரம். அந்தச் சிலை புத்தருடையது என்று வழக்குப் போட்டார்கள். தொல்லியல் துறை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் அது புத்தர் சிலையே என்று ஏற்றுக்கொண்டது. தாமரைப் பீடத்தில் தியானத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், காலம் போகப் போகத் தலைவெட்டியான கதை இது. எந்த நாவலாசிரியரும் கற்பனை செய்யத் தயங்கும் முடிச்சு, பேருந்து போகும் தூரத்தில் கிடக்கிறது. சுற்றியிருப்பதைக் கூர்ந்து பார்ப்பவருக்குக் கதைக்கரு தேடி அலையும் வேலை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

தமிழில் பயத்தால் நேர்ந்த சாவைப் பற்றிய பழைய கதை ஒன்று மணிமேகலையில் இருக்கிறது. சார்ங்கலன் என்ற சிறுவன் துணையில்லாமல் புகாரின் சுடுகாட்டு வழியே வருகிறான். பிணத்தின் தலையைக் கையில் ஏந்திக் கூத்தாடும் பேயைப் பார்த்து வெருண்டு வீட்டுக்கு ஓடுகிறான். தாய் கோதமையிடம் தன் உயிரைப் பேய்க்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி இறந்துபோகிறான். பேய் அவனைத் தொடவே இல்லை. பயம்தான் கொன்றது. மணிமேகலையை எழுதிய சாத்தனார் அதோடு நிறுத்தவில்லை. பார்வையில்லாத அந்தத் தாய், பிள்ளையின் உடலை எடுத்துக்கொண்டு நள்ளிரவில் போய்ச் சம்பாபதித் தெய்வத்திடம் நியாயம் கேட்கிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு பிள்ளையின் உயிரைக் கொடு என்கிறாள். போன உயிர் திரும்பாது என்பதுதான் கிடைக்கும் பதில். கலிங்கத்துப்பரணியின் பேய்கள் கூழ் அட்டு உண்ணும் காட்சியில் கூத்து அதிகம், பயம் குறைவு. மணிமேகலையின் சுடுகாட்டில் துக்கம் இருப்பதால் பயமும் இருக்கிறது. துக்கம் இல்லாத பேய்க்கதை மனத்தில் நிற்காது என்பதை அன்றே ஒருவர் எழுதிக் காட்டிவிட்டார்.

நவீனத் தமிழுக்கு வந்தால் புதுமைப்பித்தன். 1943-இல் வெளிவந்த அவருடைய 'காஞ்சனை' இன்றுவரை தமிழின் தலைசிறந்த பேய்க்கதை என்பது என் கருத்து. அதன் கதைசொல்லியே ஒரு கதை எழுத்தாளர்தான். தூக்கம் வராமல் இரவில் விழித்துக் கிடப்பவர். வீட்டுக்கு வேலைக்காரியாக ஒரு பிச்சைக்காரி வந்து சேர்கிறாள். நல்ல மணமும் பிணவாடையும் மாறி மாறி வருகின்றன. மனைவி சாதாரணமாக இருக்கிறாள், அதனாலேயே நமக்குச் சந்தேகம் வருகிறது. தமிழில் திகில் எழுத்தாளரின் அன்றாடத்தைப் பதிவு செய்த முதல் ஆவணமாக அந்தக் கதையைத்தான் நான் கொள்வேன். வெற்றிலை பாக்கும், வீட்டுக்காரியின் பேச்சும், எழுத வேண்டிய கதையைப் பற்றிய யோசனையும் நிறைந்த ஒரு நடுத்தர வீட்டுக்குள் அது நடக்கிறது. பாழடைந்த பங்களாவில் நடந்திருந்தால் அந்தக் கதையை இந்நேரம் மறந்திருப்போம். அவர் வாழ்ந்ததும் பத்திரிகை ஆபீஸ் வாழ்க்கைதான். 'தினமணி'யில் வேலை, மொழிபெயர்ப்பு, பிறகு சினிமா. 1948-இல் காசநோய் அவரைக் கொண்டுபோனபோது வயது நாற்பத்திரண்டு. பேயில் நம்பிக்கை இல்லை, ஆனால் பயம் இருக்கிறது என்று அவர் சொன்னதாக இலக்கிய வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அவர் சொன்னாரோ இல்லையோ, 'காஞ்சனை' அந்த மனநிலையில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இனி இலக்கியக்காரர்கள் வாயே திறக்காத பக்கத்துக்கு வருகிறேன். பேருந்து நிலையக் கடையில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்கள். மட்டமான தாள், நடுவில் பின், கண்ணைப் பறிக்கும் அட்டை. 1970-களிலும் 80-களிலும் இந்தப் புத்தகங்களில்தான் தமிழ்ப் பேய்க்கதை பெரும்பாலும் வாழ்ந்தது. பேய்க்கதை மன்னன் என்றே விளம்பரப்படுத்தப்பட்ட பி.டி. சாமியை எங்கள் வாடகை நூல் நிலையத்தில் வரிசை போட்டு எடுத்துப் போவார்கள். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோர் துப்பறியும் கதைக்காரர்கள் என்றாலும் ஆவியைத் தொடாமல் அவர்களும் இருந்ததில்லை. கோவை ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறு நாவல்களைத் தாண்டியவர். சுஜாதா 'கொலையுதிர் காலம்' எழுதி, தன் பாத்திரங்களான கணேஷையும் வசந்தையும் பேய்க்கும் விஞ்ஞானத்துக்கும் நடுவே நிறுத்தினார். ஜி. அசோகனின் 'பாக்கெட் நாவல்', குமுதம் குழுமத்தின் 'மாலைமதி' போன்ற இதழ்கள் மாதம் தவறாமல் கதை கேட்டன.

மாதம் தவறாமல் என்பதை நிறுத்தி யோசிக்க வேண்டும். அச்சகத்துக்குத் தேதி உண்டு, பார்சல் ஏறுவதற்குத் தேதி உண்டு. கடைக்காரர் பழையதைத் திருப்பி அனுப்பிவிட்டுப் புதியதைத் தொங்கவிடும் தேதியும் உண்டு. பேய் எப்போது வரும் என்று எழுத்தாளர் காத்திருக்க முடியாது. குடும்பம், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணம், சிலருக்குப் பகலில் இன்னொரு உத்தியோகம், இவற்றுக்கு நடுவே இத்தனை பக்கம் என்று அளந்து எழுதினார்கள். ஒவ்வோர் அத்தியாயமும் கதவைத் திறக்கும் இடத்தில் முடிய வேண்டும். பேருந்தில் சேலத்தில் ஏறிய வாசகர் ஈரோட்டில் இறங்குவதற்குள் கதை முடிய வேண்டும். தாள் பழுப்பாவதற்கு முன்பே அடுத்த கதை வந்துவிடுவதால் திருத்தி எழுத நேரம் கிடைப்பதில்லை. இந்தக் கதைகளில் பலவற்றின் நடை தளர்ந்திருப்பதற்கும், ஒரே பங்களா நாலு நாவலில் வருவதற்கும் சோம்பல் காரணமில்லை, அச்சகத் தேதிதான் காரணம். அந்த நெருக்கடியிலும் சில பக்கங்களில் நிஜமான பயத்தை எழுதிவிட்டார்கள் என்பதற்காக நான் அவர்களை மதிக்கிறேன்.

எழுத்தாளரை மாதச் சம்பளத்துக்கு வைத்து எழுதி வாங்குவது சேலத்துக்குப் புதிதும் இல்லை. ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரத்தின் சினிமா நிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸ் 1930-களிலிருந்தே அதைச் செய்தது. கலைஞரும் கண்ணதாசனும் அங்கே எழுதினார்கள். கதையை நேரத்தோடு முடிக்கும் ஒழுங்கு இந்த ஊர்க் காற்றிலேயே இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

வெளியுலகத்திலும் இதே கதைதான். 'டிராகுலா'வை எழுதிய பிராம் ஸ்டோக்கர் லண்டன் லைசியம் நாடக அரங்கில் இருபத்தேழு வருஷம் நிர்வாகி. கணக்கு, கடிதம், டிக்கெட் விற்பனை, நடிகர் ஹென்றி இர்விங்கின் பயண ஏற்பாடு என்று ஓய்வில்லாத வேலை. 1897-இல் வந்த அந்த நாவலைப் படித்தால் அந்த நிர்வாகியின் கை தெரியும். பாத்திரங்கள் ரயில் நேர அட்டவணையை மனப்பாடம் செய்கிறார்கள், தந்தி அடிக்கிறார்கள், நாட்குறிப்புகளைத் தட்டச்சு செய்து தேதிவாரியாக அடுக்குகிறார்கள். ரயில் சரியான நேரத்துக்கு வருவதால்தான் ரத்தம் குடிக்கும் பிரபுவையும் நம்புகிறோம். எம்.ஆர். ஜேம்ஸ் பழைய கையெழுத்துப் பிரதிகளை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் அறிஞர். கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டுவதற்காகப் பேய்க்கதை எழுதினார். அவருடைய பேய்கள் பழைய சுவடிகளுக்குள்ளிருந்தும் தேவாலய மூலைகளிலிருந்தும் வருவது தற்செயலில்லை. எச்.பி. லவ்கிராஃப்ட் வறுமையில் பிறர் எழுத்தைத் திருத்திப் பிழைத்தவர். பூனைகளும் ஐஸ்கிரீமும் இரவு நடையும் அவருடைய மோகங்கள். கதைகளைவிடப் பல மடங்கு கடிதங்கள் எழுதினார்.

எனக்கு மிகவும் பிடித்தவர்கள் இருவர். ஒருவர் ஷெர்லி ஜாக்சன். நாலு பிள்ளைகளின் தாய். 1948-இல் வெளிவந்து அமெரிக்காவை உலுக்கிய 'லாட்டரி' கதை, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து, மளிகைச் சாமானோடு மேட்டில் ஏறி வரும்போது மனத்தில் விழுந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இன்னொருவர் ஜப்பானில் குடியேறிய லாஃப்காடியோ ஹெர்ன். 1904-இல் வந்த 'க்வைதான்' தொகுப்பில் உள்ள பல கதைகளுக்குப் பின்னால் அவருடைய மனைவி செட்சு இருக்கிறார். விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு அவர் கதை சொல்வார், புத்தகத்தைப் பார்க்காமல் உன் வாயால் சொல் என்று கணவர் கேட்பார். நம் பாட்டிகள் முற்றத்தில் செய்த வேலையும் அதுதானே? அந்தப் பாட்டிகளின் பெயர் எந்த அட்டையிலும் அச்சாகவில்லை.

பெண்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தமிழில் பேய் பெரும்பாலும் பெண். பழையனூர் நீலி, மோகினி, காஞ்சனை, சந்திரமுகி எல்லோரும் பெண்கள். எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மாத நாவல் உலகில் ரமணிசந்திரன் போல லட்சக்கணக்கான வாசகர்களைப் பெற்ற பெண் எழுத்தாளர்கள் குடும்பக் கதைக்கும் காதல் கதைக்கும் ஒதுக்கப்பட்டார்கள். திகில் ஆண்களின் அலமாரியில் இருந்தது. துரோகம் செய்யப்பட்டு, கொல்லப்பட்டு, கிணற்றில் தள்ளப்பட்டு, நியாயம் கேட்டுத் திரும்பி வருகிற பெண்ணின் கதையை ஒரு பெண் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? வெள்ளைச் சேலைக்கும் விரித்த கூந்தலுக்கும் அவள் அத்தனை பக்கம் ஒதுக்கியிருக்க மாட்டாள். கிணற்றில் தள்ளியது யார் என்பதற்கு ஒதுக்கியிருப்பாள். தமிழ்த் திகிலின் மிகப் பெரிய இழப்பாக இதை நான் கருதுகிறேன். இன்று எழுதத் தொடங்கும் பெண்கள் இந்த அலமாரியைக் கைப்பற்ற வேண்டும்.

இந்த எழுத்தாளர்கள் பேயை நம்பினார்களா என்பது வாசகர்கள் எப்போதும் கேட்கும் கேள்வி. ஒரே பதில் கிடையாது. இந்திரா சௌந்தர்ராஜன் தெய்வத்தை நம்பியவர். சுஜாதா பொறியாளர், விஞ்ஞானத்தின் பக்கம் நின்றவர். நம்பாதவர்களின் குறிப்பேட்டிலிருந்தும் கதை வந்திருக்கிறது. கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களை நேரில் ஆராய்ந்து, பேய் என்று எதுவும் இல்லை என்று வாழ்நாளெல்லாம் வாதாடினார். அவர் பதிவு செய்த ஒரு மனநோய் வழக்குதான் மலையாளத்தில் 'புனர்ஜன்மம்' படமாகி, தமிழில் 1973-இல் 'மறுபிறவி'யாக வந்தது. பேயை மறுக்கப் போனவரும், பேயைத் தேடிப் போனவரும் ஒரே வாசலில்தான் போய் நின்றார்கள். அந்த வாசலுக்குள் ஒரு குடும்பம் தூக்கமில்லாமல் இருந்தது. அவர்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டவரிடம்தான் கதை தங்கியது. நம்பிக்கையைவிட இந்தப் பொறுமைதான் தொழிலுக்கு முக்கியம்.

மாத நாவல்களின் காலம் சாட்டிலைட் டிவி வந்த பிறகு சுருங்கியது. அந்த டிவிக்குள்ளேயே புகுந்து 'மர்மதேசம்' சில வருஷம் பிழைத்துக்கொண்டது. சினிமாவில் 2011-இன் 'காஞ்சனா'வுக்குப் பிறகு பேய்ப் படம் என்றால் சிரிப்புப் படம் என்றாகிவிட்டது. 'பீட்சா', 'பிசாசு', 'மாயா' போன்றவை விதிவிலக்கு. சௌந்தர்ராஜனின் கதையில் நாகா இயக்கிய 'ஆனந்தபுரத்து வீடு' 2010-இல் வந்தபோது, அந்தப் பேய்கள் பிள்ளையைக் காப்பாற்ற வந்த தாத்தாவும் பாட்டியும். பயமுறுத்தாத அந்தப் பேய்களுக்கு அன்றைக்குக் கூட்டம் சேரவில்லை. பாசத்தைப் பேயாக்கிக் காட்டிய அந்தப் படம் மறுபடி பார்க்கப்பட வேண்டியது.

இத்தனை எழுத்தையும் ஆராயப் புகுந்தால் முதல் தடை, புத்தகமே கிடைக்காதது. 2008-இல் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் மாத நாவல்களிலிருந்து தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் ஒரு தொகுதி கொண்டுவந்தது. பிரீத்தம் சக்கரவர்த்தி மொழிபெயர்த்தார். இந்திரா சௌந்தர்ராஜன், ராஜேஷ்குமார் போன்றவர்களை உலகம் அதில் படித்தது. 2010-இல் இரண்டாம் தொகுதியும் வந்தது. ஆங்கில வாசகருக்குத் தேர்ந்தெடுத்த தொகுப்பு கிடைத்துவிட்டது. தமிழ் வாசகருக்கோ பி.டி. சாமியின் முழுப் பட்டியல்கூடக் கைக்கு எட்டவில்லை. எழுதியவர் பெயர், வந்த மாதம், விலை, ஓவியர் பெயர் என்று ஒரு சாதாரணப் பட்டியல் இருந்தால் போதும், இந்த எழுத்தாளர்கள் எந்த வேகத்தில் வாழ்ந்தார்கள் என்பது தெரிந்துவிடும். சேலத்தில் இத்தனை கல்லூரிகளும் ஒரு பல்கலைக்கழகமும் இருக்கின்றன. தமிழ்த் துறையில் ஒரு மாணவருக்காவது இந்தப் பட்டியலை ஆய்வுத் தலைப்பாகக் கொடுக்கலாம். வயதான எழுத்தாளர்களிடமும், அட்டை வரைந்த ஓவியர்களிடமும், வாடகை நூல் நிலையம் நடத்தியவர்களிடமும் இப்போதே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர், யாரும் மதிக்காத மலிவு விலைக் குஜிலிப் புத்தகங்களையும் நோட்டீஸ்களையும் சேர்த்து வைத்தார். அவர் மறைவுக்குப் பிறகு அந்தச் சேமிப்பிலிருந்து 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று உலகத்துத் தமிழ் ஆய்வாளர்கள் அங்கே வருகிறார்கள். எங்கள் செவ்வாய்ப்பேட்டைப் பழைய பேப்பர் கடைகளில் மாத நாவல்கள் இன்னமும் கிலோக் கணக்கில் எடைக்கு வருகின்றன. மளிகைக் கடைப் பொட்டலமாகவும் போகின்றன. உங்கள் வீட்டுப் பரணில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், பழைய சாக்கு மூட்டையில் அப்படி ஏதாவது இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. மாதமும் வருஷமும் தெரிந்தால் ஒரு தாளில் குறித்து உள்ளே வையுங்கள். உங்கள் ஊர் மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள், அல்லது சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதுங்கள்.